தீராத சதுரமுகி

பொழுதுபோக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் முத்திரை சேர்ப்பர். சிலர் பழைய நாணயங்களைத் தேடி அலைவர். வேறு சிலர் முற்றத்திலே குரோட்டன் செடி வளர்த்து அதன் நிறபேதங்களில் மனம் மகிழ்வர். எமக்கு வாய்த்தவையோ திருகுப் புதிர்கள். கையிற் பிடித்துத் திருகத் திருக நிறங்கள் கலைந்து, மீண்டும் திருகியே ஒழுங்கு செய்யவேண்டிய பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்களைத்தான் சொல்கிறோம். எம் வீட்டு அலுமாரியின் கண்ணாடித் தட்டிலே இன்று அவை 38 இருக்கின்றன. வரும் விருந்தினர், "இந்த வயதிலும் விளையாட்டுச் சாமானா?" என்று கேட்பதுண்டு. நாம் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுப்போம். ஆனால் தட்டின் ஓரத்தில் நிறம் மங்கி இருக்கும் பழைய சதுரமுகியைப் பற்றி யாரேனும் கேட்டால் மட்டும் எமக்குச் சிரிப்பு வருவதில்லை. அதன் கதையையே இன்று சொல்லப்போகிறோம்.

அதற்குமுன் இப்புதிரின் பிறப்பைச் சற்றே அறிந்துகொள்ளுதல் நலம். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டிலே கட்டடக்கலை கற்பித்து வந்த ஏர்னோ ரூபிக் என்பவர் 1974 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். சிறு கட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமலும், அதேவேளை தனித்தனியே இடம் மாறியும் அசைய வழியுண்டா என்பதே அவர் மனத்தில் எழுந்த வினா. முதலில் இறப்பர் நாடாவால் இணைத்துப் பார்த்தார், நாடா அறுந்தது. பின்னர், கட்டைகளின் வடிவமே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு செதுக்கினார். முகங்களுக்கு நிறமிட்டுச் சில தடவை திருகிய பின்னரே, தாம் செய்த பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தமக்கே வழி தெரியாதென்பதை உணர்ந்தார். அவ்வழியைக் காண அவருக்கு ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. 1977 இல் ஹங்கேரிக் கடைகளுக்கு வந்த புதிர், 1980 இல் ரூபிக் கியூப் என்னும் பெயருடன் உலகெங்கும் பரவியது.

எம் வீட்டுக்கு அது 1981 இல் வந்தது. கப்பலில் வேலைபார்த்த அம்மான் விடுமுறையில் வந்தபோது, இன்னாருக்கென்று சொல்லாமல் அதனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்போது எமக்கு வயது 15, தங்கைக்கு 12. ஒரு முகத்தை மட்டும் ஒரே நிறமாக்கிவிட்டு நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த விடுமுறையில் அம்மான் ஒரு சிறு நூலையும் கொண்டுவந்தார். பற்றிக் பொசேர்ட் என்னும் இங்கிலாந்துப் பாடசாலை மாணவன் எழுதி அவ்வாண்டில் வெளியான தீர்வுநூல் அது. தங்கை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதனை வரிவரியாகப் படித்தாள். இரண்டு கிழமைக்குள் புதிரின் பெரும்பகுதி அவள் கைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எமக்குப் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் பிற்பகல், அவள் வீட்டில் இல்லாத வேளையில், அவளை முந்திவிடும் வேகத்தில் இறுகிநின்ற ஓர் அடுக்கை வலிந்து திருகினோம். புதிர் கைநழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்து சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி, எது எங்கே இருந்ததென்று பாராமல், கைக்கு வந்ததை வந்த இடத்தில் அழுத்திப் பூட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். ஏற்கெனவே நிறம் கலைந்திருந்த புதிர். அதற்கு நேர்ந்ததை எவர் அறிவார்?

அன்று தொடங்கியது தங்கையின் துன்பம். நூலிற் சொன்னபடி எல்லாவற்றையும் செய்து முடிப்பாள். முடிவில் ஒரேயொரு மூலை மட்டும் தன் இடத்தில் இருந்தபடியே கோணலாகத் திரும்பி நிற்கும். கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள்; மறுபடியும் ஒரு மூலை. நூலைத் தான் பிழையாக விளங்கிக்கொண்டாளோ என்று திரும்பத் திரும்பப் படித்தாள். இப்படியே ஒரு மாதம் சென்றது. இறுதியில் நாம் சொன்னோம்: "விடு, உனக்கு இது சரிவராது." அவள் ஒன்றும் பேசவில்லை. புதிரை அம்மாவின் தையற்பெட்டிக்குள் போட்டுவிட்டாள். அதன்பின் எத்தனையோ ஆண்டுகளாக, கணக்கு என்ற பேச்சு வந்தாலே, "எனக்கு அந்த மூளை இல்லை" என்று சொல்வது அவளுக்கு வழக்கமாயிற்று.

1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது எம் கைவிட்டுப்போன பொருள்கள் பல. தையற்பெட்டிக்குள் கிடந்த காரணத்தால் இச்சதுரமுகி எம்முடன் வந்து சேர்ந்தது.

நிற்க. 2010 ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளியாயிற்று. இப்புதிர் எவ்வளவுதான் கலைந்திருந்தாலும் 20 திருப்பங்களுக்குள் அதனைத் தீர்த்துவிடலாம் என்பதை ஆய்வாளர் நால்வர் கணினிகளின் துணையுடன் நிறுவினர். ஒரு கணினி தனியே செய்வதானால் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது. அச்செய்தியின் கவர்ச்சியால் நாம் புதிய சதுரமுகி ஒன்றை வாங்கித் தீர்க்கப் பழகினோம். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றாக அலுமாரி நிறையத் தொடங்கியது. நான்முகி வடிவான பிரமிங்ஸ், பன்னிரண்டு நிறங்கள் கொண்ட பன்னிருமுகி, திருகும்போது தன் உருவத்தையே இழந்துவிடும் ஸ்குயர்-1 என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரே நிறம் பூசி, கட்டைகளின் பருமனை மட்டும் வேறுபடுத்திய ஒருவகையும் உண்டு. மின்சாரம் தடைப்பட்ட இரவில் அதனை விரலால் தடவியே தீர்க்கலாம்.

இவை யாவும் எமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. ஒரு துண்டை அதன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமாயின், அரும்பாடுபட்டு அடுக்கிய வரிசையைச் சிறிதுநேரம் குலைக்க வேண்டும். குலைத்த முறையை நினைவில் வைத்து, வந்த வழியே மீளவும் வேண்டும். குலைக்க அஞ்சுபவருக்கு ஒரு முகத்துக்கு மேல் கைகூடாது. 1982 இல் புடாபெஸ்டில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் மின் தாய் 22.95 வினாடியில் வென்றார். 2023 இல் மக்ஸ் பார்க் 3.13 வினாடியில் தீர்த்தார். எமக்கு இன்றும் இரண்டு நிமிடம் வேண்டும். அதுபற்றி எமக்குக் கவலையில்லை.

கவலை தந்தது வேறொன்று. புதிரின் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தபோது அது எம் கண்ணிற் பட்டது. சதுரமுகியில் 8 மூலைத் துண்டுகளும் 12 விளிம்புத் துண்டுகளும் உண்டு. 6 நடுத்துண்டுகள் இடம் மாறுவதில்லை. திருகுவதால் மட்டும் உண்டாகக்கூடிய நிலைகள் 43,252,003,274,489,856,000. ஆனால் துண்டுகளைக் கழற்றி மனம்போனபடி பூட்டினால் உண்டாகக்கூடிய நிலைகளோ இதன் 12 மடங்கு. எத்தனை தரம் திருகினாலும் ஒரு மூலையை மட்டும் தனியே திருப்ப முடியாது. ஒரு விளிம்பை மட்டும் தனியே புரட்ட முடியாது. இரண்டு துண்டுகளை மட்டும் இடம் மாற்றவும் முடியாது. ஆகவே, கண்டபடி பூட்டிய புதிர் தீரக்கூடியதாக அமைவது பன்னிரண்டில் ஒரு தடவையே. எஞ்சிய பதினொன்றையும் எப்பேர்ப்பட்ட மேதையாலும் தீர்க்க இயலாது.

நாம் எழுந்துபோய்த் தையற்பெட்டியைத் திறந்தோம். பழைய சதுரமுகியை எடுத்து முறைப்படி தீர்த்தோம். முடிவில் ஒரு மூலை கோணலாக நின்றது. அன்று தங்கையின் கையில் நின்றதுபோலவே நின்றது. அம்மூலையைக் கழற்றி நேராக்க ஒரு நிமிடம் போதும். ஆயினும் கை துணியவில்லை. கோணல் மூலையுடனேயே அதனை அலுமாரியில் வைத்தோம். தங்கையிடம் சொல்லவேண்டும் என்று ஆண்டுதோறும் எண்ணினோம். ஆண்டுதோறும் ஒரு சாட்டுக் கிடைத்தது.

சென்ற தைப்பொங்கலுக்குத் தங்கை தன் பேர்த்தியுடன் வந்திருந்தாள். அலுமாரியைத் துருவிய சிறுமி, "எல்லாம் சரியாயிருக்க, இதில மட்டும் ஏன் ஒரு மூலை பிழை?" என்று கேட்டாள். இனி மறைக்க இடமில்லை. சிதறியதும், கண்டபடி பூட்டியதும், சொல்லாமல் இருந்ததும், "உனக்குச் சரிவராது" என்று வாய்கூசாமற் சொன்னதும் எல்லாவற்றையும் ஒப்புவித்தோம். தங்கை நெடுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப புத்தகத்திலயும் பிழையில்லை, என்னிலயும் பிழையில்லை" என்றாள்.

நாம் ஒரு சிறு கத்தியை எடுத்து மூலையைக் கழற்ற முற்பட்டபோது அவள் கைநீட்டித் தடுத்தாள். "நீங்கள் விடுங்கோ அண்ணா. தாங்கோ, நானே திருப்பிறன்."

திருப்பினாள். ஆறு முகங்களும் நிறைந்தன. உடனே பேர்த்தியிடம் கொடுத்து, "நல்லாக் கலைச்சுத் தா" என்றாள். மூன்று நாள் எம் வீட்டில் நின்றாள். மூன்றாம் நாள் மாலை, பேர்த்தி சொல்லிக்கொடுக்க, தானே அதனைத் தீர்த்து முடித்தாள். போகும்போது அதனைக் கையோடு கொண்டுபோனாள். எம் தட்டில் இப்போது ஓரிடம் வெறுமையாக இருக்கின்றது.

இதனை வாசிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஒரு பிள்ளை முயன்று முயன்று தோற்கும்போது, அதற்கு மூளை இல்லையென்று சொல்ல நாவெடுக்குமுன், அதன் கையிற் கொடுத்த பொருள் சரியாகப் பூட்டப்பட்டதுதானா என்று ஒருமுறை பாருங்கள். பிழையாகப் பூட்டியவர் நாமாக இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள்.