முடிக்கப்படாத உவமை



2023 ஜனவரியில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சென்னை இலக்கியத் திருவிழா நடைபெற்றது. அனுமதி இலவசம். தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் கிண்டி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். (போதகருக்கு நாவல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும், உவமைகளாலே பேசினவருடைய ஊழியன் நான்.) மேடையில் நாவலாசிரியர்கள் கதைசொல்லுதலைக் குறித்து உரையாடிக்கொண்டிருந்தனர். முடிவைத் தாமே சொல்லிவிடாமல் வாசகரிடம் ஒப்புவிப்பதைப் பற்றிய பேச்சு என் உள்ளத்தில் தைத்தது.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில், தம்பிக்கு விருந்தா என்று கோபங்கொண்ட மூத்த குமாரன் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனை அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா? ஆண்டவர் சொல்லவில்லை. நானோ பிரசங்கத்தில் ஒவ்வொரு முறையும் அவனை உள்ளே கொண்டுபோய்ப் பந்தியில் உட்காரவைத்துவிடுவேன்.

சொத்துப் பிரிவினையில் மனம் கசந்த என் தமையனார் எங்கள் வீட்டிற்கு வந்து 11 ஆண்டுகளாகின்றன. அவர் வரட்டும் என்றே ஜெபித்து வந்தேன். உவமையில் வெளியே போனவர் தகப்பன் என்பது அன்றிரவு இரயிலில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை கூடுவாஞ்சேரிக்குச் சென்றேன். அண்ணனுடைய வாசற்கதவு சாத்தியிருந்தது. அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்றேன்.