முதல் நொடி

லாங் பஜாரில் கடிகாரம் பழுதுபார்க்கும் மேசைகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: "கிரிஸ்டல் போயிடுச்சு." அதை நாங்கள் எளிதில் நம்புவதில்லை. பெரும்பாலும் மின்கலத்தைத் தொடும் தகட்டில் களிம்பு ஏறியிருக்கும். அல்லது பற்சக்கரத்தில் தூசி சிக்கியிருக்கும். ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வந்த இரண்டு கருவிகளின் கதை வேறு. கிரிஸ்டல் நலமாகவே இருந்தது. அது துடிக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கிடங்கில் காற்றின் ஈரப்பதத்தை மணிக்கொருமுறை பதிந்துவைக்கும் கருவிகள் அவை. பதனிட்ட தோலில் ஈரம் ஏறினால் பூஞ்சை பூக்கும். ஆகவே இந்தப் பதிவுக்கு மதிப்புண்டு. மின்கலம் மாற்றிய இரவு முதல் இரண்டு கருவிகளிலும் பதிவு வெறுமை. இரவுக் காவலர் மாற்றவேயில்லை என்று முடிவுகட்டி அவருடைய அரைமாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். அவரே கருவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாங்கள் மாலைகளில் கூடும் கடைக்கு வந்தார். "மாத்தினேன் பாய், பழைய பேட்டரி சட்டைப் பையிலேயே இருக்குது" என்று எடுத்தும் காட்டினார்.

குவார்ட்ஸ் கடிகாரம் 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1969 டிசம்பரில் சீக்கோ அதை மணிக்கட்டில் ஏற்றியது. 1984இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து அதை நம் ஊர்க் கைகளுக்குக் கொண்டுவந்தது. இவ்வகைக் கருவிகளில் இருப்பதும் அதே சிறு இசைக்கவைதான். நொடிக்கு 32,768 முறை அதிரும். பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு நொடி கிடைக்கும்.

அதிர்ந்துகொண்டிருப்பதைத் தாங்கிப் பிடிப்பது எளிது. அசையாதிருப்பதை எழுப்புவதுதான் கடினம். மின்கலம் போட்ட கணத்தில் கிரிஸ்டலைத் தட்டி எழுப்ப எவரும் இல்லை; சுற்றிலுள்ள வெப்ப இரைச்சலின் நுண்ணிய நடுக்கத்தையே பெருக்கி மீண்டும் மீண்டும் ஊட்டி வளர்க்கவேண்டும். கிரிஸ்டலின் உள்ளிழப்பு ஏறக்குறைய 70 கிலோ ஓம் மின்தடைக்குச் சமம். அதைப்போல் ஐந்து மடங்கு ஈடுகட்டும் வலிமை பெருக்கிக்கு இருந்தால் துடிப்பு ஒரு நொடிக்குள் வளர்ந்துவிடும். இரண்டு மடங்கானால் மூன்று நொடி. பத்தில் ஒரு பங்கே கூடுதல் என்றால் அரை நிமிடம். அந்த ஒரு பங்கும் போய்விட்டால் எத்தனை நாள் காத்திருந்தாலும் எழாது.

கருவியை மேசை விளக்கின் சூட்டில் காயவைத்து மின்கலம் போட்டோம். நான்காம் நொடியில் விளக்கு சிமிட்டியது. கழற்றி, போர்டின்மேல் வாய்க்காற்றை ஊதி, மீண்டும் போட்டோம். சிமிட்டவில்லை. காவலர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். (அலைக்காட்டியின் முனையை வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். அந்த முனையே சில பிக்கோ ஃபாரட் சுமையை ஏற்றும். இவ்வளவு மெலிந்த சுற்றில், பார்ப்பதே நிறுத்திவிடும்.)

பிறகு கிரிஸ்டலோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போனோம். 82 கிலோ ஓம் வரை எழுந்தது, 100இல் எழவில்லை. உலர்ந்த நிலையிலேயே வலிமை இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது என்று பொருள். ஐந்து மடங்கு வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. சாலிடர் வைத்தபின் கழுவாத ஃபிளக்ஸ் மழை ஈரத்தை உறிஞ்ச, பெருக்கியை அதன் நிலையில் நிறுத்தும் 10 மெகா ஓம் மின்தடையருகே மின்கசிவு ஏற்பட்டு, மிச்சமிருந்த வலிமையையும் அது தின்றுவிட்டிருக்கிறது.

வடிவமைத்தவர் கைக்கஞ்சத்தனத்தால்தான் பெருக்கியை மிகத் தாழ்ந்த நிலையில் வைத்திருக்கவேண்டும். அதனால் மிஞ்சுவது அரை மைக்ரோ ஆம்பியர் என்றே கொள்வோம். ஆண்டுக்கு நாலரை மில்லி ஆம்பியர் மணிக்கும் குறைவு. நாணய மின்கலத்தில் இருப்பதோ சுமார் 220. நூற்றில் இரண்டைக் காக்கப்போய்ப் பதிவு முழுவதையும் பணயம் வைத்திருக்கிறார்கள்.

சிக்கனம் வேண்டாம் என்றில்லை. அதற்கு முறை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் நியூஷாடெலில் கைக்கடிகாரச் சுற்றுகளை ஆராய்ந்த எரிக் விட்டோஸ் காட்டிய வழி எங்களுக்குப் பிடித்தது: தொடங்கும்போது தாராளமாக மின்னோட்டம் கொடு, அலை வளர வளரச் சுற்றே தன்னைக் குறைத்துக்கொள்ளட்டும். மற்றொரு வழி, சுமைக் கொள்திறன் குறைந்த கிரிஸ்டல். இருபுற மின்தேக்கிகளையும் பாதியாக்கினால் தேவைப்படும் மின்னோட்டம் கால்பங்காகும். ஆனால் அப்போது போர்டின் ஒவ்வொரு மில்லிமீட்டர் செம்புக்கோடும் கணக்கில் வரும், நேரம் பிசகும்.

இரண்டு போர்டுகளையும் ஆல்கஹாலால் கழுவி, உலர்த்தி, வார்னிஷ் பூசினோம். தொடக்கத்தில் மட்டும் உச்சநிலையில் ஓடுமாறு நிரலில் ஒரு வரி மாற்றினோம். இப்போது 330 கிலோ ஓம் சேர்த்தும் எழுகிறது. வாயால் ஊதியும் எழுகிறது. கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காவலரிடமே கொடுத்தனுப்பினோம்.

மேலாளர் கிடங்குக்கு எங்களை அழைத்து, ஊதிக் காட்டச் சொன்னார். திருத்தாத மூன்றாவது கருவியில் ஊதினோம், அதுவும் எழவில்லை. நிறுத்திய சம்பளம் இரண்டு தவணையாக வந்ததாகக் காவலர் பிறகு சொன்னார். மின்கலம் மாற்றிய பின் விளக்கு சிமிட்டியதைப் பார்த்துவிட்டே ஏட்டில் கையெழுத்திடுகிறாராம்.