ரசமட்டமும் டார்ச்சும்

என் பழைய மீன்தொட்டி கெட்டது மீனாலும் இல்லை, கண்ணாடியாலும் இல்லை. அதைத் தாங்கிய அலமாரியால். பார்க்கத் தேக்கு, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது சிந்தியதையெல்லாம் குடித்து, ஊறின அப்பளம் மாதிரி உப்பியது. ஒரு நாள் அலமாரிக் கதவு மூடவில்லை. கதவின் ஓரத்தைச் சீவிவிட்டு, வேலை தெரிந்தவன்போல் கையைத் தட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துத் தொட்டியின் இடது மூலையில் தண்ணீர் கசிந்து இறங்கியது. எனக்கு முன்பாக அதைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டு ஆண்டி. அவர் வீட்டுக் கூரையில் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் எதைப் பற்றிப் புலம்பினாலும் அந்த வேலையைச் செய்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பார். ரேஸ்கோர்ஸ் சாலை ஓரம் தேநீரோடு நின்று நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் ஒருவரைக் கைகாட்டினார். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. ஆறு வருடமாகத் தொட்டி ஒட்டுகிறார். “சனிக்கிழமை கம்பெனிக்கு வாங்கண்ணே, மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டார்” என்றார்.

தீவின் வடக்கே ஒரு தொழிற்கூடக் கட்டடம். மின்தூக்கி திறந்ததும் மூக்கில் ஏறியது காடி வாசனை. ஊறுகாய் போடும் இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. சிலிகோன் பசை காற்றின் ஈரத்தைப் பிடித்து இறுகும்போது விடுகிற அமிலத்தின் வாசனை அது. இந்தப் பசை புழக்கத்துக்கு வருமுன் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திப் புட்டி வைத்து அடைப்பார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றடியில் 1955இல் திறந்த வான் கிளீஃப் மீன்காட்சியகத்துக்குச் சின்ன வயதில் அப்பா கூட்டிப் போயிருக்கிறார். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அன்று மீனைப் பார்த்தேனே தவிர, அவ்வளவு தண்ணீரை எது பிடித்து வைத்திருக்கிறது என்று யோசித்ததில்லை.

தம்பி யோசிப்பது அதை மட்டும்தான். வெட்டிய கண்ணாடியின் விளிம்பை உரசி மழுக்குகிறார். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கிறார், அதன்பின் அந்த விளிம்பில் விரல் படக்கூடாது. இணைப்பின் இருபுறமும் காகித டேப். பசையை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக விட்டுக் கண்ணாடியை இறக்கி அழுத்துகிறார். பிதுங்கியதை விரலால் ஒரே வீச்சில் வழித்துவிட்டு உடனே டேப்பை உரிக்கிறார். பத்து நிமிடம் தாமதித்தால் பாலில் ஏடு படிவதுபோல் படிந்துவிடும், உரிக்கும்போது பிசிறும். பிறகு ஒரு வாரம் தொட்டியை யாரும் தொடுவதில்லை. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது.

கைபேசி டார்ச்சை அடித்து ஒரு மூலையைக் காட்டினார். நல்ல இணைப்பு முழுக்க ஒரே கறுப்பாகத் தெரிகிறது. பக்கத்தில் திரும்பி வந்த ஒரு தொட்டியில் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள். “காத்து நின்ன எடத்துல பசை இல்லண்ணே.” இத்தனை வருடம் மீன் வளர்த்தும் நான் பார்த்ததே இல்லை.

எனக்கு நாலடித் தொட்டி வேண்டும் என்றேன். நாலடிக்குக் கண்ணாடி ரொம்பத் தடிமனாக வேண்டியிருக்குமே என்று கேட்டதற்குச் சிரித்தார். “தண்ணி மொதல்ல ஒசரத்தத்தாண்ணே பாக்கும்.” பள்ளியில் படித்ததுதான், அடிமட்டத்து அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஆனாலும் கடையில் நிற்கும்போது நீளத்தைத்தான் அளக்கிறோம். ஓரங்குலம் உயரம் கூடினாலும் கண்ணாடியின் பாடு கூடுகிறது. போதாததற்கு, அடியில் கிடக்கும் பாசியைச் சுரண்டத் தோள்வரை கையை விடவேண்டும்.

நீளத்துக்கு வேறு கணக்கு. 120 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 50 என்றால் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. கண்ணாடி, மணல், கல், தொட்டியைத் தாங்கும் கால் எல்லாம் சேர்ந்தால் 400ஐத் தாண்டும். குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைப்பது பொறியாளர் வழக்கம். அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு என்பதால் தரை உடனே பிளந்துவிடாது. இருந்தாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டின் கூடத்து நடுவில் இதை நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. கீழ்வீட்டு ஆண்டி வேறு கண்முன் வந்துபோனார். 75க்கு 45க்கு 45 என்று இறங்கி வந்தேன். 150 லிட்டர், சுவரோரம்.

காலைப் பற்றித் தம்பிக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. “திருகு பிடிச்சு வைக்கணும், தாங்கக் கூடாது.” மேல்பலகையின் எடை பக்கப் பலகைகளின் தலையில் உட்கார்ந்து நேராகத் தரைக்கு இறங்க வேண்டும், திருகில் தொங்கக்கூடாது. அங்கே இரும்புப் பெட்டிக் குழாயை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த கால்கள் வரிசையாக நின்றன. அழகில்லை, ஆனால் உப்பாது. எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் பிளைவுட் போர்த்திய அலமாரி பிடித்தது. வெட்டுமுனைகளை அடைத்திருந்தார்கள். உள்ளே ஃபில்டர் நிற்கிற உயரம் மட்டும் போதாது, மேலே குழாய் வளையவும் ஒரு சாண் இடம் விடச் சொன்னார். சட்டமில்லாத தொட்டியின் அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு. அதுவும் சின்ன மேடுபள்ளத்துக்குத்தான், கோணல் காலுக்கு மருந்தில்லை.

ஊரில் நீங்கள் தொட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “கரண்ட் போனா மோட்டாரும் நின்னுருமே” என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தார்.

மீன் வாங்க சிராங்கூன் நார்த் அவென்யூ ஒன்று. புளோக் 151இல் மீன்கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஞாயிறு காலை குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று: ஊரில் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்துக் குளோரினைப் போக்குவோம். இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன், வாளியில் வைத்தால் அவ்வளவு எளிதில் போகாது. அதற்கான மருந்துச் சொட்டு வேண்டும். ஹீட்டர் என்று யாராவது விற்க வந்தால், நம் வெப்பத்தில் குப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் அது வீண்செலவு.

தொட்டி வந்த அன்று தம்பியே வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். என் வீட்டுத் தரையே சரிந்திருந்தது. காலின் அடித்திருகைத் திருப்பித் திருப்பி, குமிழி நடுவில் நின்ற பிறகே தண்ணீர் ஊற்ற விட்டார்.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு ரசமட்டமும் டார்ச்சும் கொண்டுபோங்கள். தொட்டியின் நான்கு மூலையிலும் அடித்துப் பாருங்கள், அலமாரிக் கதவைத் திறந்து பலகையின் வெட்டுமுனையைத் தடவிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். புளோக் 151இல் கடைக்குப் பஞ்சமில்லை.