அகிஹாபாராவில் ஒரு பிடி பஞ்சு

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் அஸாகுஸா ஆலயத்தைப் பார்க்கத் தவறுவதில்லை. அங்கிருந்து அதிக தூரமில்லாத அகிஹாபாராவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். "அங்கே என்ன விசேஷம்?" என்கிறீர்களா? ஹெட்போனுக்கு 'டிரைவர்' மாற்றும் ரசிகர்கள் சாமான் தேடக்கூடிய இடம் அது. டிரைவர் என்றதும் காக்கிச் சட்டை ஞாபகத்துக்கு வர வேண்டாம்! காதில் மாட்டும் கருவிக்குள் ஒலியை எழுப்புகிற வில்லைக்குத்தான் அந்தப் பெயர்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால், தலைக்கு மேல் ஸோபு ரயில் பாதை தடதடக்கிறது. அதன் அடியிலேதான் 'ரேடியோ சென்டர்'. எதிரும் புதிருமாக இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. மளிகைக் கடையில் கடுகும் வெந்தயமும் பிரித்து வைத்திருப்பதுபோல், ஸ்விட்சும் கம்பியும் ரெஸிஸ்டரும் சின்னச் சின்னப் பெட்டிகளில் நிறைந்திருக்கின்றன.

இந்தக் கடைகள் ரயிலுக்கு அடியில் ஒண்டிய கதை சுவையானது. யுத்தம் முடிந்த பிறகு, பக்கத்திலிருந்த மின்சாரப் பள்ளியின் மாணவர்கள் ரேடியோ செய்து விற்றார்கள். அவர்களுக்குச் சாமான் விற்கத் தெருவோரக் கடைகள் முளைத்தன. 1949-ஆம் ஆண்டில் நேச நாட்டுப் படைத் தலைமை, தெருக்கடைகளை அகற்றும்படி உத்தரவிட்டது. வியாபாரிகள் பாலத்தின் கீழ் குடியேறினார்கள். அவர்களுடைய 'ரேடியோ ஸ்டோர்' 2013-ல் மூடப்பட்டுவிட்டது. மற்றச் சந்துகளில் இன்னும் வியாபாரம் நடக்கிறது.

சரி, ஹெட்போனைத் திறந்து என்ன செய்கிறார்கள்? டிரைவர் முன்பக்கம் பாடுவதுபோலவே பின்பக்கமும் பாடுகிறது! பின்னால் போன ஒலி பிளாஸ்டிக் கிண்ணத்தில் மோதித் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து பாட்டுடன் கலக்கிறது. சொற்கள் கலங்குகின்றன. அந்த ஒலியை உறிஞ்சத்தான் உள்ளே கொஞ்சம் பஞ்சு, ஒரு துண்டுக் கம்பளித்துணி. கிண்ணமே அதிராமலிருக்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்புவதும் உண்டு. ஜப்பானின் பாஸ்டெக்ஸ் கம்பெனி தயாரித்த 'டி50ஆர்பி' என்ற ஹெட்போனை இப்படித் திருத்தி அமைப்பதற்கென்றே உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா, என்ன? கச்சேரிக்கு முன்னால் மிருதங்க வித்வான் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே! ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் நாதம் மாறிவிடும். இங்கேயும் அப்படித்தான். பஞ்சை அதிகமாகத் திணித்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகிவிடும். ஆகவே, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதல். பிறகு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம்.

டிரைவரையே மாற்றினால் குறுக்களவு பொருந்த வேண்டும். 40 அல்லது 50 மில்லிமீட்டர் பெரும்பாலும் வழக்கத்தில் உள்ள அளவுகள். ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் கம்பிகளை இடம் மாற்றிப் பற்ற வைத்துவிட்டால், தாழ்ந்த சுருதி மெலிந்து, நடுவில் கேட்க வேண்டிய பாடகர் குரல் எங்கோ அலையும்.

"இவ்வளவு பாடு எதற்கு? ஒலியைக் கூட்டிவிட்டால் போகிறது!" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்லக் கூடும். அங்கேதான் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பதே 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. உரத்த ஒலியில் உள்காதின் நுண்ணிய செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. சொல் தெளிவாகக் கேட்டு, காது மெத்தையும் சரியாகப் பொருந்திவிட்டால், திருகைக் கூட்ட மனம் வராது.

ஹெட்போனுக்கு டிரைவர் ஜோடியை அகிஹாபாராவில் வாங்கிவிடலாம். காதுக்கு அப்படி ஒரு ஜோடி எந்தச் சந்திலும் கிடைக்காது!