அமுச்சி வீட்டுத் திண்ணை டாட் 3டி!

காந்திபுரத்துல சத்தி பஸ் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கங்க ஃப்ரெண்ட்ஸ். சரவணம்பட்டி வரைக்கும் ஐ.டி. கம்பெனி கண்ணாடிக் கட்டடங்கள். கோவில்பாளையம் தாண்டினா தோட்டங்காடு. சுமார் முப்பது கிலோமீட்டர்ல, மேட்டுப்பாளையம் - அவிநாசி ரோடு குறுக்கே வெட்டுற இடம்தான் அன்னூர். மன்னீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். எனக்கு அமுச்சி ஊர்.

வர்ற தை மாசம் அமுச்சியோட ஓட்டு வீட்டை இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள அதை 3டி-யில் பிடிச்சு வெச்சுடணும்னு செல்போனோட கிளம்பிட்டேன் (இன்டர்னல் எக்ஸாமா? அது அடுத்த வாரம்தான் பாஸ்!).

வித்தை சிம்பிள். சுத்திச் சுத்தி முந்நூறு போட்டோ. எல்லாப் படத்துலயும் பொதுவா இருக்கிற புள்ளிகளைத் தேடி, ஆழத்தைக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர். பேர், ஃபோட்டோகிராமெட்ரி. ரிசல்ட்? சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைச் சுவர்ல புள்ளியே சிக்காம பெரிய பெரிய ஓட்டை. பளபளன்னு விளக்கின பித்தளைக் குடம் உருகி ஒழுகுது. வெத்தலைக் கறை படிஞ்ச திண்ணைத் தூண் மட்டும் அச்சு அசல்!

சரி, இதை எங்கே குடிவைக்கிறது? கூகுளோட ‘லைவ்லி’ 2008 ஜூலையில் திறந்து, அந்த டிசம்பரோட மூடிட்டாங்க. மைக்ரோசாஃப்ட் வாங்கின ‘ஆல்ட்ஸ்பேஸ்’ 2023 மார்ச்சில் க்ளோஸ். 2003-ல் வந்த ‘செகண்ட் லைஃப்’ இன்னும் ஓடுது, ஆனா அங்கேயும் நாம வாடகைக்குத்தான். ஜி.எல்.டி.எஃப். மாதிரி பொதுவான ஃபார்மேட்ல ஃபைல் நம்ம கையில இருந்தா, எந்தக் கம்பெனி ஷட்டரை இறக்கினாலும் வேற பிரௌசர்ல திறந்துக்கலாம். இந்த மெய்நிகர் உலகத்துக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருந்தா அது அந்த ஃபைல்லதான்னு நான் நினைக்கிறேன். அதனால திண்ணை இப்போ என் பென்டிரைவ்ல.

கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்துக் கல்யாணம் ஞாபகம் இருக்கா? 2022 பிப்ரவரியில் மெட்டாவெர்ஸ்ல ரிசப்ஷன் வெச்சாங்களே. இறந்துபோன பொண்ணோட அப்பா 3டி உருவமா வந்தாரே. அதை அமுச்சிகிட்ட சொன்னேன்.

“அப்ப உங்கப்பச்சியவும் திண்ணையில உக்கார வெக்கலாமா கண்ணு?”

அப்பச்சிக்கு இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. நேருக்கு நேரா எடுத்தது. ஒரு படத்தை வெச்சே இப்போ ஏ.ஐ. ஆளைச் செஞ்சுடும்; ஆனா, பின்னந்தலை அதோட ஊகம்தான். அதையும் மறைக்காம சொல்லிட்டேன். அமுச்சி கொஞ்ச நேரம் தூணையே பார்த்துட்டிருந்தாங்க.

“அவுங்களுக்கு ரெட்டைச் சுழி கண்ணு.”

நோட்டுல குறிச்சுக்கிட்டேன்.