நடுக்கடலில் ஒரு குடித்தனம்

பத்தடி நீளத்தில் ஒரு கூடம். சமையல், சாப்பாடு, படுக்கை, குழந்தைக்குப் பாடம் எல்லாம் அதிலேயேதான். வாசற்கதவைத் திறந்தால் எதிரே கடல்! இப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதம் குடித்தனம் நடத்தச் சொன்னால் சம்மதிப்பீர்களா? "ஐயோ, எங்கள் ஒண்டுக் குடித்தனமே தேவலை!" என்றுதான் சொல்வீர்கள். ஆனால் இதற்கென்றே வீடு வாசலை விற்றுவிட்டுப் பாய்மரப் படகில் கிளம்பிய குடும்பங்கள் மேல் நாடுகளில் எத்தனையோ உண்டு.

1980-களிலும் 1990-களிலும் அவர்களில் பலர் விரும்பி வந்து தங்கிய இடம் இந்து மகா சமுத்திரத்தின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக் கூட்டம். மாலத் தீவுகளின் தென்கோடியிலிருந்து தெற்கே சுமார் 280 கடல் மைல் போனால், சாலமன் என்ற பவழத் தீவு வளையம் வரும். பதினொரு குட்டித் தீவுகள் வட்டமாக நிற்க, நடுவில் பச்சை நிறத்தில் அமைதியான நீர். பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகில் பெரும் புயல் வருவது அபூர்வம். ஆகவே நங்கூரம் போட்டவர்கள் மாதக் கணக்கில் அதை எடுக்கவே மாட்டார்கள்.

அங்கே கடை கிடையாது. மூன்று நான்கு மாதத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே படகில் ஏற்றியாக வேண்டும். அந்த இல்லத்தரசிகளின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் விடமாட்டார்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் பூச்சி முட்டையிட்டிருக்கும்! டப்பாக்களின் மேலுள்ள காகிதத்தைக் கிழித்துவிட்டு, பெயின்டால் பெயர் எழுதி வைப்பார்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் காகிதம் பிய்ந்து போய்த் தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்துக்கொள்ளும். அதோடு, பட்டாணி என்று நினைத்துத் திறந்த டப்பாவில் அன்னாசி இருக்கும். குளிர்ப் பெட்டியில் வைக்காத புது முட்டையாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வாஸலீன் தடவி, அடிக்கடி புரட்டி வைத்தால் வாரக் கணக்கில் கெடாதாம். கீரை கிடைக்காத குறைக்குப் பாசிப்பயறு முளை கட்டுவார்கள். இது நமக்குப் புதிதல்ல. அவர்கள் கப்பலேறிக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்டவ் இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு எப்படிச் சாய்ந்தாலும் ஊஞ்சல் மாதிரி ஆடித் தன்னை நேராக்கிக்கொள்ளும். கடலில் போகும்போது ஸ்டவ் நேராக இருக்கும், சமைக்கிறவள்தான் சாய்ந்து கிடப்பாள்! குடிக்க மழை நீர். மேலே கட்டிய கித்தானில் விழும் மழையைக் குழாய் வழியாகத் தொட்டியில் இறக்குவார்கள். நடு இரவில் மழை வந்தால் வீடே எழுந்து ஓடும்.

காலையில் ரேடியோவில் பக்கத்துப் படகுகளின் க்ஷேமம் விசாரிப்பு. பிறகு குழந்தைகளுக்குத் தபால் மூலம் வாங்கி வந்த பாடம். கணவன்மார்கள் படகின் அடியில் பிடித்த பாசியைச் சுரண்டிவிட்டு மீன் பிடிக்கப் போவார்கள். பவழப் பாறையை ஒட்டி வாழும் பெரிய மீன்களில் சில சமயம் விஷம் சேர்ந்திருக்கும், சமைத்தாலும் அது போகாது. ஆகவே எந்த மீன், எவ்வளவு பெரிது என்று பார்த்துத்தான் சட்டியில் போட வேண்டும்.

துணி துவைக்க மட்டும் பொடாம் என்ற தீவுக்குப் போவார்கள். அங்கே ஒரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர். பக்கத்தில் ஈரப்பலா மரங்கள், ஏராளமான தென்னை, கூரையிழந்த ஒரு மாதா கோயில், கல்லறைகள்.

ஆளில்லாத தீவில் கிணறு ஏது, கோயில் ஏது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அங்கே ஜனங்கள் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போட்டபோது ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பிற்பாடு இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களும் அவர்களோடு கலந்தார்கள். பெண்கள் தேங்காயை உடைத்துக் கொப்பரை எடுப்பார்கள். மீனானாலும் கோழியானாலும் தேங்காய்ப் பால் விட்டுச் சமைப்பார்கள். அந்தச் சமையலுக்கு 'செராஸ்' என்று பெயர். டீகோ கார்ஸியா என்ற பெரிய தீவில் அமெரிக்காவின் ராணுவத் தளம் அமைவதற்காக, பிரிட்டிஷ் அரசாங்கம் 1968-க்கும் 1973-க்கும் இடையில் அத்தனை பேரையும் வெளியேற்றியது. தளத்திலிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த சாலமனையும் விடவில்லை.

பக்கத்திலுள்ள பெரோஸ் பான்யோஸ் தீவிலிருந்து 1973-ல் கப்பலேற்றப்பட்டவர் லிஸ்பி எலிஸே. அப்போது அவர் கர்ப்பிணி. அந்தக் குழந்தை தங்கவில்லை. 2018-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய சாட்சியத்தை ஒலி ஒளிப் படமாகக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் சொன்னதை நீதிபதிகள் கேட்டார்கள். 2019-ல், பிரிட்டன் அந்தத் தீவுகளின் நிர்வாகத்தை விட்டு விலக வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார்கள்.

இத்தனை காலமும் உல்லாசப் படகுகள் அங்கே வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. அதிகாரிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். பிற்பாடுதான் தங்கும் காலத்தைக் குறைத்தார்கள். கிணற்றைத் தோண்டியவனின் மகள் மோரீஸில் தகரக் கொட்டகையில் இருக்க, அந்தக் கிணற்றில் யாரோ ஒருத்தி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். படகுக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களில் சிலர் புதரை வெட்டிக் கல்லறைகளைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஈரப்பலாவைப் பறித்து வறுக்கும்போது ஒருத்திக்காவது தொண்டையில் அடைத்திருக்காதா?

2006-ல் சுமார் நூறு பேருக்கு மூதாதையரின் கல்லறைகளைப் பார்த்து வர அனுமதி கிடைத்தது. 2022 பிப்ரவரியில் மோரீஸ் அரசாங்கம் அமர்த்திய கப்பலில் லிஸ்பி எலிஸேயும் வேறு சிலரும் மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை பிரிட்டிஷ் காவலர் கூட வரவில்லை. கரையில் இறங்கியதும் மண்ணை முத்தமிட்டார்கள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, கோயிலை மூடியிருந்த செடி கொடிகளை வெட்டத் தொடங்கினார்கள்.