அல்லி இலையும் அறுகெஜப் புடவையும்

காஞ்சிபுரம் போகிறவர்களுக்குக் காரியம் இரண்டு: ஸ்வாமி தரிசனம், பட்டுப் புடவை. குளங்களைப் பார்ப்பதற்கென்று யாரும் புறப்படுவதில்லை. நாம் அஷ்டபுஜப் பெருமாள் கோவில் குளக்கரையில் சற்று நின்றோம். கஜேந்திர மோக்ஷக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸ்தலம் அது. "யானை இறங்கிப் பறிக்கிற பூ எவ்வளவு பெரிதாக இருக்கும்?" என்று உடன் வந்த சிறுமி கேட்டாள்.

தாமரையில் அவ்வளவு பெரிது இல்லை. ஆனால் அல்லியில் ராட்சத ஜாதி ஒன்று உண்டு. அமேஸான் நதிப் பிரதேசம் அதன் தாயகம். விளிம்பு நிமிர்ந்த தாம்பாளம் போன்ற இலை எட்டு அடி அகலம்கூட வளரும். பூவோ மாலையில் வெண்மையாக மலர்ந்து மணம் வீசும். தேடி வந்த வண்டுகளை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறந்து, மகரந்தம் பூசி வழியனுப்பும். 1837-ல் லிண்ட்லி என்னும் தாவர சாஸ்திரி இதற்கு விக்டோரியா ராணியின் பெயரைச் சூட்டினார். நம் நாட்டு மக்கானா இதற்கு நெருங்கிய உறவு.

இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோஸப் பாக்ஸ்டன் வெந்நீர்த் தொட்டி அமைத்து இதை வளர்த்தார். 1849 நவம்பரில் பூத்தது. தம் மகள் ஆனியை இலைமேல் நிறுத்தினார்; இலை தாங்கிற்று. அடிப்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்த தடித்த நரம்புகளே அந்த வலிமையின் ரகசியம். 1851-ல் லண்டன் கண்காட்சிக்காகத் தாம் கட்டிய கண்ணாடி மாளிகைக்கு அந்த இலையே வழிகாட்டி என்றார். அவ்வருஷமே அவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. அதே மாளிகையில் இந்தியத் துணிகளும் காட்சிக்கு இருந்தன. அவற்றை நெய்தவர்களின் பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலுள்ள சிப்பூர்த் தோட்டத்தில் இந்த அல்லியைக் காணலாம். 1787-ல் கும்பெனியார் தொடங்கிய அத்தோட்டம், 2009 முதல் ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்குகிறது. பூ மட்டும் இன்னும் ராணியின் பெயரோடுதான் இருக்கிறது!

காஞ்சித் தறியிலும் வலிமையெல்லாம் உட்புறத்தில்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக் கொள்வதே கோர்வை. நெசவாளியோடு கூட, கரை நாடாவைத் தள்ள இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அடுத்த முறை கடையில் புடவையை விரிக்கும்போது, நேயர்கள் உட்புறத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும். நெய்தவர் பெயரையும் கேட்கட்டும்.